கழிவு: சொல்லும் கணக்கும்

1

தமிழில் 'கழிவு' என்ற சொல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. உடம்பும் ஊரும் ஆலையும் வெளியே தள்ளுவது கழிவு. ஜவுளிக்கடைப் பலகையில் 'பண்டிகைக் காலச் சிறப்புக் கழிவு' என்று எழுதியிருக்கிறார்களே, அதுவும் கழிவுதான். அங்கே அதற்கு விலையில் குறைத்துக் கொடுப்பது என்று பொருள். இரண்டுக்கும் அடியில் 'கழி' என்ற ஒரே வினை, மொத்தத்திலிருந்து ஒன்றை நீக்குவது. நீக்குவது யார், நீக்கியது யார் கணக்கில் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் சொல் சொல்லாது. துணிக் கழிவை மறுசுழற்சி செய்ய டிஜிட்டல் தளங்கள் வந்துவிட்டன, இனி ஒரு கிழிசல்கூட வீணாகாது என்று பேசப்படும் இந்நாளில் இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

'தளம்' நமக்குப் பழகிய சொல்தான். பண்பாட்டுத் தளம், அரசியல் தளம் என்று எழுதி எழுதித் தேய்ந்துபோன சொல். இங்கே நான் சொல்லும் தளம் வேறு. எந்த ஆலையில், என்ன துணி, என்ன நிறம், எத்தனை கிலோ மிஞ்சியிருக்கிறது என்பதைக் கணினியிலோ செல்போனிலோ பதிந்து, அதை வாங்குகிறவனுக்குக் காட்டி, மூட்டை கைமாறும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து வைக்கும் ஏற்பாடு அது. எழுத்தாளர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பொருளுக்குப் பெயரிடுவது, அந்தப் பெயரை எழுதி வைப்பது, எழுதியதை யார் படிக்கலாம் என்று தீர்மானிப்பது ஆகிய மூன்றையும்தான் இந்தத் தளங்கள் செய்கின்றன. மூன்றும் மொழிக்குள் நடக்கும் காரியங்கள். ஆகவே நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

துணிக் கழிவை மீண்டும் துணியாக்குவது புது யோசனையும் அல்ல. யார்க்‌ஷயரின் பாட்லியில் பெஞ்சமின் லா என்பவர் 1813-இல் பழைய கம்பளித் துணியைக் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து நூற்றார். 'ஷாடி' என்று அதற்குப் பெயர். 1894-இல் வெளியான 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்துவது பற்றியே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மார்க்ஸ் கையாளும் ஜெர்மன் சொல் உடம்பின் கழிவுக்கும் உரிய சொல். 1862-இன் இறுதியில் இங்கிலாந்து உபயோகித்த கம்பளியில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்பட்டது என்று அவர் கணக்குச் சொல்கிறார். ஆனால் கந்தல் பிரிக்கிறவர்களைப் பற்றி அவர் எழுதியது 1867-இன் முதல் தொகுதியில். அந்த வேலைக்குப் பெண்களையும் சிறுமிகளையுமே விரும்பி அமர்த்தினார்கள் என்பதும், கந்தலோடு வந்த பெரியம்மைக்கு அவர்களே முதல் பலி என்பதும் அங்கே இருக்கின்றன. பொருளின் கணக்கு ஒரு தொகுதியில், கையின் கதை வேறொரு தொகுதியில். இன்றைய தளங்களிலும் இந்தப் பிரிவினை அப்படியே தொடர்கிறது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

2

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பூர், கரூர், ஈரோடு என்று மேற்கே போகிற பஸ்கள் புறப்படுகின்றன. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இங்கேதான் பையும் கையுமாக ஏறுகிறார்கள். அந்த ஊர்களின் கழிவு எதிர்த்திசையில் இங்கே வருகிறது. இங்கே ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கை துடைக்கிற 'பனியன் வேஸ்ட்'டுக்கு ஊர் திருப்பூர்தான். தொழிலில் யாரும் அதைக் 'கழிவு' என்று சொல்வதில்லை, 'வேஸ்ட்' என்றே சொல்கிறார்கள். வேஸ்டுக்கு விலை உண்டு, தரம் உண்டு, வியாபாரி உண்டு, குடோன் உண்டு.

அது எப்படி உண்டாகிறது? பின்னலாடைத் துணியைக் கட்டிங் மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, அளவு போட்டு வெட்டுவார்கள். கைக்கும் கழுத்துக்கும் உரிய வளைவுகளுக்கு இடையில் துண்டுகள் மிஞ்சும். பத்துக் கிலோ விரித்தால் ஒரு கிலோவுக்கு மேல் மிஞ்சுவது சாதாரணம். இதைக் கட்டிங் வேஸ்ட் வியாபாரி எடுப்பார். குடோனில் பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். பிரித்தது பஞ்சாக்கும் மில்லுக்குப் போகும். அங்கே பல் வைத்த உருளைகள் துணியைக் கிழித்து மறுபடி பஞ்சாக்கும். அந்தப் பஞ்சு 'ஓப்பன் எண்ட்' நூற்பாலைக்குப் போய் நூலாகும்.

கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். குட்டை இழையில் மெல்லிய நூல் வராது, தடித்த நூல்தான் வரும். அதனால் புதுப் பஞ்சையோ, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த பாலியஸ்டரையோ கலக்கிறார்கள். போர்வை, மிதியடி, கையுறை, தரை துடைக்கும் மாப் ஆகியவை இந்த நூலின் வழக்கமான முடிவு.

இதில் தீர்மானமான கட்டம் பிரிப்பது. நிறம் நிறமாகச் சரியாகப் பிரித்தால் சிவப்புத் துணி சிவப்புப் பஞ்சாகி, சிவப்பு நூலாகவே வெளியே வரும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. நொய்யலைச் சாயக்கழிவு கொன்றதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். குடோனில் நிறம் பிரிக்கிற பெண் ஒரு சாயத்தொட்டியின் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறாள். அந்த மிச்சம் அவள் கூலியில் ஏறுவதில்லை.

ஆரப்பாளையத்தில் வைகைக் கரையை ஒட்டிய ஒரு சிறு குடோனில் துணி பிரிக்கும் அக்கா ஒருவரிடம், சீட்டு இல்லாத துணியில் எது என்ன என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"படிச்சிட்டு வந்தா பாக்குறோம்? கை பட்டாலே தெரிஞ்சிரும் தம்பி. சந்தேகம்னா ஒரு நூல உருவி தீக்குச்சியில காட்டணும். காட்டனுன்னா காயிதம் எரியிற வாடை வரும், சாம்பலா உதுந்துரும். பாலிஸ்டருன்னா உருகிச் சுருண்டு பாசிமணி கணக்கா கெட்டியாப் போயிரும்."

"லைக்ரா?"

"இழுத்துவிட்டா சுருக்குன்னு திரும்பும்ல, அதான். அதத் தனியாத் தூக்கிப் போட்ரணும். உள்ள போச்சுன்னா மில்லுக்காரரு மூட்டையவே திருப்பிருவாரு. ஓனரு எங்க கூலியில கழிப்பாரு."

'கூலியில கழிப்பாரு.' கழிவு என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்த ஒரு வாக்கியத்தில் சேர்ந்துவிட்டன. துணியில் கழிவைச் சரியாகப் பிரிக்காவிட்டால் சம்பளத்தில் கழிவு.

நாம் 'வாசிப்பு' என்று கோட்பாட்டில் சொல்லுவதை அந்த அக்கா விரல் நுனியில் செய்கிறார். பானிபட்டில் மேலை நாட்டுப் பழந்துணிகளை வெட்டிப் பிரிக்கும் பெண்களைப் பற்றி மேக்னா குப்தா 2012-இல் எடுத்த 'அன்ரேவல்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடுத்தின சுவடே தெரியாத உடுப்புகளை ஏன் எறிகிறார்கள் என்று அப்பெண்கள் யோசிக்கிறார்கள். அங்கே தண்ணீர் விலை அதிகமோ, துவைக்கிறதைவிட எறிவது லாபமோ என்று ஒரு கதை கட்டுகிறார்கள். பார்க்காத நாட்டை அதன் துணியிலிருந்து வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பைக் கேட்டு எழுதிக்கொள்ள அவர்கள் தொழிலில் ஒரு நோட்டும் இல்லை.

3

இப்போது தளத்துக்கு வருவோம். ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் 'ஃபேஷன் ஃபார் குட்' என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சேரும் துணிக் கழிவு ஏறக்குறைய 78 லட்சம் டன், உலகத்தின் துணிக் கழிவில் 8.5 சதம். அதில் 59 சதம் மறுபயன்பாடாகவோ மறுசுழற்சியாகவோ துணித் தொழிலுக்கே திரும்புகிறது. மீதி தரம் தாழ்ந்த உபயோகங்களுக்கும் நெருப்புக்கும் குப்பைமேட்டுக்கும் போகிறது. தளங்கள் பேசுவது இந்த மீதியைப் பற்றித்தான்.

அவர்கள் வாதத்தை நியாயமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். கழிவு வீணாவதற்குக் காரணம் அது கலந்துபோவது. கட்டிங் மேஜையில் துணி விழும்போது அது நூறு சதம் பருத்தியா, கலப்பா என்பது ஆலைக்குத் தெரியும், வாங்கின பில்லிலேயே இருக்கிறது. சாக்கில் போட்டுத் தைத்தவுடன் அந்தச் செய்தி அழிந்துவிடுகிறது. பிறகு நாலு கை மாறி, ஒவ்வொரு கையிலும் மறுபடி ஊகித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சாக்கைக் கட்டும்போதே விவரத்தைப் பதிந்து ஒரு குறியீட்டை ஒட்டிவிட்டால் செய்தி துணியோடு கூடவே போகும். பருத்தியைக் கரைத்துப் புது இழையாக்கும் ரசாயன ஆலைகளுக்கு உள்ளே வருவது என்ன என்பது துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும், ஊகம் போதாது. எஸ்தோனியாவில் தொடங்கிய 'ரிவர்ஸ் ரிசோர்சஸ்' போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன.

இதற்குப் பின்னால் சட்டத்தின் உந்துதலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதல் பழந்துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி, பொருளுக்கு ஒரு டிஜிட்டல் கடவுச்சீட்டு வேண்டும் என்கிறது. துணிக்கான விதிகள் அதன் வழியே வர இருக்கின்றன. 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த கழிவுச் சட்டத் திருத்தம், சேகரிக்கும் செலவை உற்பத்தியாளரே ஏற்கும்படி உறுப்பு நாடுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அங்கே ஒரு கம்பெனி தன் சட்டையில் 'மறுசுழற்சி இழை' என்று எழுத வேண்டுமென்றால் அந்த இழை எந்தச் சாக்கிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். ஆக, திருப்பூர் குடோனின் சாக்குக்கு ஐரோப்பாவிலே ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்.

இவையெல்லாம் சும்மா ஏமாற்று என்று தள்ளிவிட நான் தயாரில்லை. செய்தி அழியாமல் இருந்தால் பஞ்சு மிச்சம், தண்ணீர் மிச்சம். என் கேள்வி அந்தச் செய்தியின் உடைமை பற்றியது.

கருவியையே எடுத்துக்கொள்வோம். துணியின்மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி இழை வகையைச் சொல்லும் கைக்கருவிகள் வந்திருக்கின்றன. நல்ல கருவிகள்தான். கறுப்புத் துணியில் தடுமாறும், இரண்டடுக்குத் துணியில் மேலடுக்கை மட்டும் வாசிக்கும், கொஞ்சமாகக் கலந்த லைக்ராவைக் கோட்டைவிடவும் கூடும். அது போகட்டும். அந்தக் கருவிக்கும் முதலில் தெரிந்த துணிகளைக் காட்டிக் காட்டித்தான் பழக்குகிறார்கள். 'இது இன்னது' என்று யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுத்த அறிவு கருவிக்குள் போனதும் 'தொழில்நுட்பம்' ஆகிவிடுகிறது. விரலில் இருக்கும்வரை அதற்குப் பெயர் 'பழக்கம்', அதற்குக் கூலி மட்டும்.

4

துணிக்குக் குறியிடுவது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு, துணியின் ஓரத்தில் வைத்த 'வண்ணான் குறி'யைப் பழைய தலைமுறை அறியும். எத்தனை துவைத்தாலும் போகாத கறை அது. ஊரிலே நூறு வீட்டுத் துணியும் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் வீடு மாறாமல் திரும்பி வந்ததற்கு அந்தக் குறிதான் காரணம். ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. அதுவும் ஒரு குறியீட்டு மொழிதான்.

இதை வைத்துப் பழம்பெருமை பேசினால் அயோக்கியத்தனம். அந்த வேலை சாதியால் திணிக்கப்பட்டது. ஊரின் அழுக்கையும் தீட்டுத் துணியையும் வெளுத்தவர்களை ஊர் எந்த இடத்தில் நிறுத்தி வைத்தது என்பது நமக்குத் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது குறியின் அமைப்பை மட்டும். அந்தக் குறியை வைத்தவரும் வாசித்தவரும் ஒருவரே. துணியின் சொந்தக்காரருக்கே அது முழுதாக விளங்காது. உழைத்தவர்களிடமிருந்து மரியாதையையும் தானியத்தையும் பறித்துக்கொண்ட ஊரால், குறியை வாசிக்கும் திறனை மட்டும் பறிக்க முடியவில்லை.

இன்றைய சாக்கில் ஒட்டும் குறியீட்டில் இது தலைகீழ். பிரிக்கிறவள் சாக்கைத் தைத்து, அதன்மேல் சதுரக் கட்டத்தை ஒட்டுகிறாள். அதற்குள் அவளுடைய அறிவுதான் இருக்கிறது: 'வெள்ளை, பருத்தி, லைக்ரா இல்லை'. ஆனால் அவள் அதைத் திறந்து படிக்க முடியாது. அந்தச் சாக்கு அடுத்த கையில் என்ன விலைக்குப் போனது, கடைசியில் என்ன நூலானது என்பதை அறிய அவளுக்குக் கடவுச்சொல் இல்லை. எழுதியவளுக்கு வாசிக்கும் உரிமை இல்லாத எழுத்து.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டில் 'இ-ஷ்ரம்' என்ற தளத்தைத் தொடங்கி அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, தொழில் இன்னது என்று ஒரு குறிப்பும் உண்டு. அவள் பிரித்த துணியின் கணக்கு இல்லை. கழிவுத் தளத்திலோ பிரித்த துணி கிலோ கிலோவாக இருக்கிறது, அவள் இல்லை. பெயர் ஓரிடம், வேலை ஓரிடம். மூலதனத்தின் இரண்டு தொகுதிகள் என்று மேலே சொன்னது இதைத்தான்.

5

தளம் வந்துவிட்டால் இடைத்தரகு ஒழியும் என்பது பொதுப்புத்தி. வங்கதேசத்தைப் பார்க்கலாம். அங்கே ஆடை ஆலைகளின் வெட்டுத்துண்டுக்கு 'ஜுட்' என்று பெயர். ஆலை வாசலில் ஜுட் எடுக்கும் உரிமை உள்ளூர் அரசியல் செல்வாக்கின் கையில் இருப்பதும், அதற்காக அடிதடி நடப்பதும் அந்நாட்டுச் செய்தித்தாள்களில் பழைய சங்கதி. 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்தபோது பல இடங்களில் ஜுட் எடுக்கிற கைகளும் மாறின. 2020-இல் அங்கே தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில், நான் மேலே சொன்ன ரிவர்ஸ் ரிசோர்சஸும் ஆடை உற்பத்தியாளர் சங்கமும் பங்கேற்றுக் கழிவைக் கணினியில் பதிந்தன. பதிந்தது நல்ல வேலை. ஆனால் வாசலில் நிற்கிற ஆளை எந்தக் கணினியும் நகர்த்தவில்லை. அதிகாரம் தகவல் இன்மையால் மட்டும் நிற்பதில்லை.

நம் ஊரில் நிஜமான தளம் வாட்ஸ்அப். குவியலைப் படம் எடுத்து, 'வெள்ளைக் கட்டிங், ரெண்டு டன் ரெடி, வேணுங்கிறவங்க பேசுங்க' என்று குரலில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் குரல் சின்ன விஷயமில்லை. ஆங்கிலக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஒதுங்கிக்கொள்ளும் ஒருவர் குரலில் சரளமாகத் தரம் சொல்கிறார். வாய்மொழி மரபு என்று நாம் நாட்டார் வழக்காற்றியலில் தேடுவது இங்கே சரக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் குழுவில் இருப்பது வியாபாரிகள். துணி பிரிக்கிறவர்கள் அதில் இல்லை.

வீட்டுத் துணியிலும் இதே பிரச்சினைதான், வேறு முகத்தோடு. ஆலைத் துண்டுக்காவது பில் உண்டு. உடுத்திக் கழித்த துணிக்கு அதுவும் இல்லை. ஆரப்பாளையத் தெருக்களில் ஒலிபெருக்கியோடு வண்டி வரும். பழைய பட்டுச்சேலைக்குத்தான் அதில் குரல், ஏனென்றால் அதில் ஜரிகை இருக்கிறது. பாலியஸ்டர் சேலைக்கு யாரும் குரல் கொடுப்பதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்னது பழமொழி. கட்டவும் முடியாத கந்தையை என்ன செய்வது என்பதற்குப் பழமொழி இல்லை. அந்தக் காலத்துக் கந்தை பருத்தி. அது கரித்துணியாகி, திரியாகி, மண்ணாகிவிடும். பாலியஸ்டர் அப்படிப் போகாது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைமலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடெங்கும் இருந்து லாரி லாரியாக வந்த துணி. வேண்டியது வேறு, வந்தது வேறு. பிறர் உடுத்திக் கழித்ததைக் கட்ட மீனவ மக்கள் மறுத்தார்கள். அது அவர்களுடைய சுயமரியாதை. அன்று அங்கே பற்றாக்குறை துணியில் இல்லை. 'எங்களுக்கு என்ன வேண்டும்' என்று பெறுகிறவர்கள் சொல்லவும், அனுப்புகிறவர்கள் கேட்கவும் ஒரு வழி இல்லை. தளம் என்ற ஒன்று உண்மையில் செய்யக்கூடிய வேலை இதுதான். கீழேயிருந்து மேலே செய்தி போவது. இன்றைய தளங்கள் பெரும்பாலும் மேலேயிருந்து கீழே தேடுகின்றன.

6

அப்படியானால் என்ன செய்யலாம்? விமர்சகன் இந்த இடத்தில் நழுவிவிடுவது வழக்கம். நான் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பதிவு தமிழில், குரலில் நடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் முடிவது தளத்தில் முடியாதா? தொழிலாளியின் சொற்களே தரப்பெயர்களாக வேண்டும். ஆங்கிலப் பட்டியலுக்குள் அவற்றைத் திணிக்கக் கூடாது.

இரண்டாவது, சாக்கின் குறியீட்டைத் திறந்தால் பிரித்தவர்களின் கணக்கும், அந்தச் சாக்கு ஒவ்வொரு கையிலும் பெற்ற விலையும் தெரிய வேண்டும். முக்கியமாகப் பிரித்தவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, மில் மூட்டையைத் திருப்பினால் காரணம் பதிவாக வேண்டும், பதில் சொல்லும் உரிமை பிரித்தவர்களுக்கு இருக்க வேண்டும். பதில் கேட்காமல் கூலியில் கழிக்கக் கூடாது.

நான்காவது, தூசி. துணியை உதறும்போதும் கிழிக்கும்போதும் பறக்கும் பஞ்சுத்தூள் நுரையீரலில் போய் உட்காருகிறது. பஞ்சாலைத் தொழிலாளர்களின் மூச்சுநோய் உலகம் அறிந்தது. ஒரு சாக்கில் மிச்சமான தண்ணீரை லிட்டரில் காட்டத் தெரிந்த தளம், அந்தச் சாக்குக்காக ஒருவர் தூசியில் இருந்த மணிக்கணக்கையும் காட்டலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பிரித்தவர் பெயரைச் சாக்கோடு சேர்த்தால் யார் எத்தனை வேகம், யார் எத்தனை தவறு என்று மேற்பார்வையாளர் கையில் ஒரு சாட்டையைக் கொடுத்ததாகிவிடும். கண்காணிப்புக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய கோடு. ஆகவே தனிப்பெயர் வேண்டாம், குழுவின் பெயர் போதும். அந்தப் பதிவு குழுவின் கையிலேயே இருக்க வேண்டும். இது கற்பனை அல்ல. புனேயில் குப்பை சேகரிப்போர் 1993-இல் சங்கம் கட்டினார்கள். அந்தச் சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவு பிறந்து, 2008-இலிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுத்தது. முதலில் சங்கம், பிறகு ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் கணக்கும் கருவியும். வரிசை முக்கியம். தளத்தை முதலில் வைத்தால் தொழிலாளி அதில் ஒரு விவரமாகப் போய் முடிவார்.

ஆரப்பாளையத்துக்கு நடை தூரத்தில்தான் 1892-இல் தொடங்கிய ஹார்வி மில் இருக்கிறது. இந்த ஊருக்கு நூலைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மில் தொழிலாளிக்காகப் போராடிய இயக்கங்களின் கண்ணில், அந்த மில்களின் பின்வாசலில் உட்கார்ந்து வேஸ்ட் பிரித்த பெண்கள் எவ்வளவு பட்டார்கள் என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சாக்கில் ஒட்டும் சீட்டில் நிறம், இழை, எடை, ஆலை என்று கட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு கட்டம் சேர்க்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. சேர் என்று கேட்பதற்கு ஒரு சங்கம் வேண்டும். அந்தச் சங்கம் திருப்பூரில் பிறக்கிறதா, வைகைக் கரைக் குடோனில் பிறக்கிறதா என்பது எனக்கு ஒன்றுதான்.